உள்ளூர்ப் பொறுப்பாளர்

படப்பை
27.1.2025

அன்புள்ள அத்தானுக்கு,

வேல்விழி எழுதுவது. நானும் பொன்மதியும் சுகம். உங்கள் எல்லைப் போஸ்ட்டில் எல்லார் செல்போனையும் வாங்கிப் பூட்டிவிட்டார்கள் என்று நீங்கள் எழுதியதிலிருந்து நானும் பேனா பிடிக்கப் பழகிவிட்டேன். சண்டை போடுவதற்குக் கடிதம்தான் வசதி. நடுவில் "சரி சரி, வை" என்று நீங்கள் கட் பண்ண முடியாது.

நேற்று குடியரசு தின விழா. ஒரகடத்தில் உங்கள் சுபேதார் ஐயா நடத்தும் முப்படைக் குடும்ப உதவி மையமும் எங்கள் கம்பெனியும் சேர்ந்து நடத்தினார்கள். ராணுவம், கப்பல் படை, விமானப் படை மூன்றிலிருந்தும் எங்கள் கம்பெனியில் வேலை செய்யும் மனைவிமார் பதினெட்டுப் பேரைக் காலை ஆறரைக்கே வரச் சொல்லிவிட்டார்கள். லீவு நாளில், பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் குளிப்பாட்டி, எல்லோரும் ஒரே நிறத்தில் புடவை கட்டிக்கொண்டு. புடவை நம் செலவு.

நாற்காலியில் ஒட்டியிருந்த சீட்டில் யார் பெயரும் இல்லை. "நாயக் இசக்கிபாண்டி மனைவி" என்றுதான் எனக்கு. புருஷன் பதவிப்படி வரிசை. விமானப் படை சார்ஜென்ட் மனைவி முன்வரிசையில். எனக்கு நான்காவது வரிசை, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில். பக்கத்து நாற்காலி வினோதினி அக்காவுக்கு. வாலாஜாபாத்காரர், அவர் வீட்டுக்காரர் கப்பல் படையில் இருக்கிறார், எங்கள் லைனில்தான் வேலை. அவர் சீட்டைப் படித்துவிட்டு, "இன்னா வேலு, நம்ம பேரு எங்கியும் இல்லியே? கல்யாணப் பத்திரிகைல கூட ஓரமாவாச்சும் போட்டானுங்களே" என்றார். சிரித்துவிட்டோம். முன்வரிசை திரும்பிப் பார்த்தது.

பிறகு உங்கள் யூனிஃபார்ம் போட்டோவை ஃபிரேம் போட்டு என் கையில் கொடுத்தார்கள். மேடையில் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்று இரண்டு வார்த்தை பேச வேண்டுமாம். நீங்கள் உயிரோடு இருக்கும்போதே உங்கள் படத்தை ஏந்திக்கொண்டு நின்றேன் அத்தான். சுபேதார் ஐயா காதருகில் வந்து, "பேசசொல்ல கொஞ்சம் கண்ணு கலங்கினா நல்லா இருக்கும்மா, கம்பெனி வீடியோ எடுக்கறாங்க" என்றார். "எனக்கு அழுகை வரல ஐயா, பசிதான் வருது" என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. கடைசியில் ஆளுக்கு ஒரு ஹாட்கேஸ் கொடுத்தார்கள். மூடியில் கம்பெனி பெயர், பக்கவாட்டில் மையத்தின் பெயர், அடியில் "தியாகத்துக்கு நன்றி". யாருடைய தியாகம் என்று போடவில்லை.

இதெல்லாம் போகட்டும். நான் எழுத வந்தது வேறு. மையம் எனக்குக் கொடுத்த நல அட்டையை மார்ச் 31க்குள் புதுப்பிக்க வேண்டும். அந்த அட்டை இருந்தால்தான் எனக்குப் பகல் ஷிஃப்ட் மட்டும், பொன்மதிக்குக் கம்பெனி குழந்தைகள் காப்பகத்தில் இடம். எங்களுக்குக் கழுத்தில் பச்சைக் கயிறு, கேட்டில் சோதனை கிடையாது. அட்டை போனால் சுழல் ஷிஃப்ட். நாலு வயசுப் பிள்ளையை ராத்திரி யாரிடம் விடுவேன்? மையத்தில் உங்கள் படிவத்தைக் காட்டினார்கள். "வீரர் இல்லாத காலத்தில் குடும்பத்துக்கு உள்ளூர்ப் பொறுப்பாளர்" என்ற இடத்தில் வரதராஜுலு, ஓய்வுபெற்ற சுபேதார் என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழேயே, "மனைவியே பொறுப்பேற்பதானால் டிக் செய்க" என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டிருக்கிறீர்கள்.

என் பிள்ளை காப்பகச் சீட்டில்கூட அவர் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். பன்னிரண்டாவது படித்தவள், லைனில் முப்பது பேருக்கு வேலை சொல்லிக்கொடுப்பவள், எனக்கு ஒரு பொறுப்பாளரா? அந்தப் பெயரை அடித்துவிட்டு ஒரு டிக் போட்டு அனுப்புங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

உங்கள்
வேல்விழி


56 ஏபிஓ
8.2.2025

அன்புள்ள விழிக்கு,

உன் கடிதம் நேற்று ரேஷன் வண்டியில் வந்தது. இங்கே சுகம். குளிர் மைனஸ் பதினெட்டு. பல் தேய்க்க ஐஸை உருக்க வேண்டும். கையுறையைக் கழற்றி எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

நீ சுபேதார் சாப்பைப் பற்றி எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. அவர் என் உஸ்தாத், எனக்குப் பயிற்சி கொடுத்தவர். டிரெய்னிங்கில் நான் துப்பாக்கியைக் கீழே போட்டபோது இன்னொருவராக இருந்தால் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அப்பா செத்தபோது எனக்கு லீவு வாங்கிக் கொடுத்து, கைச்செலவுக்கும் கொடுத்து ரயிலேற்றியது யார்? உனக்கு அந்தக் கம்பெனியில் வேலை, பகல் ஷிஃப்ட், எல்லாம் யாரால்? அந்தக் கம்பெனிக்கு செக்யூரிட்டி ஆட்களைக் கொடுப்பதே அவர் ஏஜென்சிதான். ஒரு போன் போட்டால் காரியம் நடக்கும். அப்படி ஒரு ஆள் ஊரில் இருப்பதால்தான் நான் இங்கே நிம்மதியாகத் தூங்குகிறேன்.

படிவத்தில் எல்லோரும் அண்ணன், மாமன் என்று யாரையாவது எழுதினார்கள். கட்டத்தில் டிக் போட்டவன் ஒருத்தன்கூட இல்லை. டிக் போட்டால், வீட்டில் ஆம்பிளை துணையே இல்லையா என்று கேட்பார்கள். உன்மேல் நம்பிக்கை இல்லாமல் செய்ததாக நினைக்காதே.

வருஷத்துக்கு ஒரு விழா. போட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றால் என்ன குறைந்துவிட்டது? பல்லைக் கடித்துக்கொண்டு இரு. மே மாதம் லீவு கிடைக்கும் போல இருக்கிறது. வந்து பேசுகிறேன். பொன்மதிக்கு முத்தம்.

உன்
இசக்கிபாண்டி


படப்பை
20.2.2025

அத்தான்,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் இதுவும் நடந்தது. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. எழுதிவிட்டால் கொஞ்சம் குறையுமா என்று பார்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஷிஃப்ட் முடியும் நேரம் எங்கள் லைனில் ஆறு சென்சார் குறைந்தது. விரல் நகம் அளவுதான் இருக்கும், கார் விளக்குக்குள் போவது. லைனில் இருந்த பதினாறு பெண்களையும் நிறுத்திவிட்டார்கள். பச்சைக் கயிறு போட்ட நானும் வினோதினி அக்காவும் ஒதுங்கி நின்றோம். சுபேதார் ஐயாவின் ஏஜென்சி பெண் காவலாளிகள் இருவர் வந்தார்கள். பெரியவள் எங்களைப் பார்த்து, "ஃபௌஜி அக்கா ரெண்டு பேரும் சாட்சிக்கு வாங்க, நீங்க நம்ம ஆளு" என்றாள். பட்டாளத்துக்காரர் மனைவிமாருக்கு அங்கே அந்தப் பெயர்தான். நாங்கள் போனோம். மறுக்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை, அதுதான் இப்போது நெஞ்சை அறுக்கிறது.

பேச்சி என்று ஒரு பெண். சங்கரன்கோவில் பக்கம், இருபத்தொரு வயசு. பென்னலூர் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். நம் ஊர்ப் பேச்சு என்பதால் என்னிடம் ஒட்டிக்கொள்வாள். சோதனையில் அவள், "எனக்கு இன்னைக்கு தீட்டுக்கா, விட்டுருங்க" என்று அந்தக் காவலாளியிடம் சொன்னாள். "எல்லாருமே இதத்தான் சொல்றீங்க. காட்டு" என்றாள் அவள். அறைக்குள் எங்கள் முன்னாலேயே அதைக் கழற்ற வைத்தார்கள் அத்தான். ஒரு செய்தித்தாளில் வைக்கச் சொல்லி, பேனா முனையால் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்கள். சீ! எழுதும்போதே குமட்டுகிறது. பேச்சி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? பேச்சி திரும்பினாள், அந்தப் பேப்பரை அப்படியே சுருட்டிக் காவலாளி மேல் வீசிவிட்டாள். அதற்குப் பெயர் பாதுகாப்புப் பணிக்கு இடையூறாம். மறுநாளே அவளை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். அந்த ஆறு சென்சாரும் மறுநாள் காலை பக்கத்து லைன் தட்டில் இருந்தது. முந்தின ஷிஃப்ட்டுக்காரன் தட்டை மாற்றி வைத்திருக்கிறான். யாரும் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை.

இன்னும் கேளுங்கள். அந்த அறையை விட்டு வெளியே வந்ததும் ஒரு தாளை நீட்டினார்கள். "சோதனை கண்ணியமான முறையில் நடைபெற்றது" என்று அச்சடித்து வைத்திருந்தார்கள். நானும் அக்காவும் கையெழுத்துப் போட்டோம். நான் போட்டேன் அத்தான். கை தானாகப் போட்டது. மார்ச் 31 மனசில் ஓடியது, பொன்மதி காப்பகத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். பேச்சி பெட்டியோடு கேட்டில் நின்றபோது என்னிடம் கேட்டாள், "அக்கா, நீங்க பாத்துட்டுதான நின்னிய?" நான் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அந்தப் பச்சைக் கயிற்றைப் பார்த்தாலே அருவருப்பாக இருக்கிறது. எங்களைச் சோதிக்காமல் விட்டது மரியாதைக்கு என்று நினைத்தேன். மற்றவர்களைச் சோதிக்கும்போது பக்கத்தில் நிறுத்துவதற்கு இரண்டு பேர் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

பேச்சி புகார் கொடுத்துவிட்டாள். கம்பெனிக் குழு மார்ச் 27 விசாரிக்கிறது. நானும் அக்காவும் சாட்சி. உண்மையைச் சொன்னால் சுபேதார் ஐயா அட்டையில் கையெழுத்துப் போட மாட்டார். பொறுப்பாளர் பெயரை நீங்கள் மாற்றிவிட்டால் அவர் கையெழுத்தே எனக்குத் தேவையில்லை. அதற்காகத்தான் மறுபடியும் கேட்கிறேன்.

அன்று வீட்டுக்கு வந்து உங்கள் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உங்கள் உடம்பு வேண்டும் போலிருந்தது. வெட்கமில்லாமல்தான் எழுதுகிறேன். உங்களைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள்? படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

வேல்விழி


56 ஏபிஓ
4.3.2025

என் அன்பு விழிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. உஸ்தாத் ஏஜென்சியில் இப்படி நடக்கிறது என்றால் அவருக்கே தெரியாமல் நடந்திருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு, தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அவர் பதில் சொல்லத்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன். பார், உன் புருஷன் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

எங்கள் கமாண்டிங் ஆபீசர் சிஓ சாப் ஹெலிகாப்டரில் எங்கள் போஸ்ட்டுக்கு வந்தார். எல்லோரையும் உட்காரவைத்து, "குடும்பத்தில் என்ன குறை என்றாலும் என்னிடம் சொல்லுங்கள், அது என் வேலை" என்றார். நான் எழுந்து நின்று சொன்னேன். அவர் என் தோளில் தட்டி, முறைப்படி எழுதிக் கொடு என்றார். ஹெட் கிளார்க் நல்ல மனுஷன். ஆனால் மேலிடத்தில் வெறும் மனுவுக்கு மதிப்பில்லை, ஆதாரம் வேண்டும் என்றார். அதனால் உன் கடிதத்தையே இணைத்துவிட்டேன். இந்தியில் மொழிபெயர்த்து, சீல் அடித்து, நம்பர் போட்டு மேலே போயிருக்கிறது. நீ கிழிக்கச் சொன்னாய். கிழித்திருந்தால் இந்த ஆதாரம் எங்கே போயிருக்கும்?

ஒரு நாயக் கொடுத்த மனு இவ்வளவு தூரம் போவது பெரிய விஷயம். போஸ்ட்டில் எல்லோரும் கை கொடுத்தார்கள். விசாரணை முடியும்வரை படிவத்தில் கை வைக்க வேண்டாம் என்று கிளார்க் சொன்னார், அதனால் பெயரை மாற்றவில்லை. இனி அதற்குத் தேவையும் இருக்காது. தைரியமாக இரு.

உன்
இசக்கிபாண்டி


படப்பை
18.3.2025

இசக்கிபாண்டி அவர்களுக்கு,

உங்கள் மனு எவ்வளவு தூரம் போனது என்று தெரியுமா? நம் வீட்டு வாசல்வரை வந்தது. உங்கள் அலுவலகத்திலிருந்து மேலே போய், மேலேயிருந்து மாவட்டப் படைவீரர் நல ஆபீஸுக்கு இறங்கி, "உள்ளூர்ப் பொறுப்பாளர் விசாரித்து அறிக்கை தரவும்" என்று யாரோ ஒரு வரி எழுதி, யாருக்கு வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? படிவத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு. வரதராஜுலு மேல் புகார், விசாரிப்பவர் வரதராஜுலு.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஃபைலோடு வந்தார். வினோதினி அக்காவும் இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஃபைலைத் திறந்தார். மேலே இந்தி, அதற்குக் கீழே ஆங்கிலம், அதற்கும் கீழே குண்டூசியில் என் கடிதம். என் கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் வட்ட சீல். சில வரிகளுக்கு அடியில் யாரோ சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்கள். பேச்சியைப் பற்றிய வரிக்கு ஒரு கோடுகூட இல்லை. கோடு போட்டிருந்தது எந்த வரிக்கு என்று உங்களுக்கே தெரியும்.

அதைத்தான் வாய்விட்டுப் படித்தார். நிதானமாக, முழுசாக. பிறகு என்னைப் பார்த்து, "உடம்பு வேணும்னு எழுதிகீறியேம்மா. இத்த எத்தினி ஆபீசர் படிச்சிகீறாங்க தெரியுமா? எனக்கே கூச்சமா பூடுச்சு. ஃபௌஜி வூட்டுப் பொண்ணு இப்டி எழுதலாமா?" என்றார். வினோதினி அக்கா, "அது அவ புருசனுக்கு எழுதனது. ஒனக்கு எழுதிச்சா?" என்று கத்தினார். "கம்முனு இரும்மா, இது ஆர்மி மேட்டர், நீ நேவி" என்றார் அவர்.

கோபப்பட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். அன்பாகப் பேசினார் அத்தான். அதுதான் சகிக்கவில்லை. "தப்பு ஒம்மேல இல்லம்மா, தனிமை. புருசன் பக்கத்துல இல்லாத பொம்பளைங்களுக்கு இப்டில்லாம் தோணும். அதுக்குதான் நம்ம மையத்துல கவுன்சிலிங் வெச்சிகீறோம்" என்று ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். ஏற்கெனவே நிரப்பியிருந்தது. "கணவரின் பிரிவால் மன அழுத்தம். உண்மைக்கு மாறானவற்றைக் கற்பனை செய்து எழுதியுள்ளார்." அடியில் என் கையெழுத்துக்கு இடம், கணவர் சம்மதத்துக்கு இடம். போட்டால் மனு முடிந்தது, அட்டையும் அன்றைக்கே புதுப்பித்துத் தருகிறாராம். உதவியாம்! இவர்கள் உதவியும் இவர்கள் கரிசனமும்! த்தூ.

நான் போடவில்லை. போகும்போது தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். அவர் குடித்த டம்ளரைக் குப்பையில் போட்டேன்.

இந்த வீட்டில் இப்போது எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் யாரோ படிக்கிற மாதிரி இருக்கிறது. நான் உங்களிடம் கேட்டது ஒரு டிக். நீங்கள் என்னையே சீல் அடித்து அனுப்பிவிட்டீர்கள். நல்லது நினைத்துத்தான் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிவதால் வலி குறையவில்லை.

27ஆம் தேதி போகிறேன். பார்த்ததைச் சொல்வேன். பொய்யில் கையெழுத்துப் போட்டதையும் சொல்வேன். அட்டை போனால் போகட்டும். உங்களிடம் இப்போதும் கேட்பது ஒன்றுதான், இந்த விஷயத்தில் இனி எந்தத் தாளிலும் என்னைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்தக் கடிதத்தையும் இணைப்பதானால் இணையுங்கள். கோடு போடுகிறவருக்கு: ஐயா, பேச்சி என்ற பெயர் இருக்கும் இடத்தில் போடுங்கள்.

வேல்விழி


56 ஏபிஓ
21.3.2025

அன்புள்ள விழிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் ஒன்றும் வரவில்லை. ரோடு பனியில் மூடிவிட்டது. நேற்று முன்தினம் என்னை மட்டும் கீழே பட்டாலியன் ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். ஆறு மணி நேரம் நடந்து போனேன்.

அங்கே மாவட்டத்திலிருந்து மெயில் வந்திருந்தது. உனக்கு உடம்பு முடியவில்லை, தூக்கம் இல்லை, மன அழுத்தம் என்று எழுதியிருந்தார்கள். இலவசமாக கவுன்சிலிங் தருகிறார்களாம், வீட்டுக்கே மேடம் வருவார்களாம். கணவர் சம்மதம் மட்டும் வேண்டும் என்றார்கள். அட்ஜுடன்ட் சாப் மரியாதையாகத்தான் பேசினார். "மனு கொடுத்தாய், பார், உன் குடும்பத்துக்கு எவ்வளவு சீக்கிரம் உதவி வந்திருக்கிறது" என்றார். அந்த வாசகம் எனக்கு முழுதாகப் பிடிக்கவில்லை விழி. கற்பனை என்ற வார்த்தை இருந்தது. கேட்டேன். இது எல்லாப் படிவத்திலும் இருக்கும் வழக்கமான வாசகம் என்றார்கள். எனக்கு அடுத்த மாதம் பதவி உயர்வுக்கான ஹவில்தார் கோர்ஸ் லிஸ்ட் வருகிறது என்பதையும் சொன்னார்கள். அது வேறு பேச்சு, சும்மா சொன்னார்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் உன்னைக் கேட்கத்தான் நினைத்தேன். ஆபீஸ் போனிலிருந்து மூன்று தடவை அடித்தேன். நீ லைனில் இருந்திருப்பாய், போன் லாக்கரில் இருந்திருக்கும். அவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

போட்டுவிட்டேன். ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டார்கள். நீயும் போட்டுவிடு. அட்டை பத்திரமாக இருக்கும், பொன்மதி பத்திரமாக இருப்பாள். நான் செய்தது சரிதானே? எழுது.

உன்
இசக்கிபாண்டி


படப்பை
6.4.2025

அத்தான்,

உங்கள் கடிதம் 2ஆம் தேதி வந்தது. அதற்கு ஆறு நாள் முன்னாலேயே உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டேன்.

27ஆம் தேதி விசாரணை. நீள மேசை. கம்பெனி ஹெச்.ஆர். மேடம் ஒருவர், வெளியிலிருந்து வந்த வக்கீலம்மா ஒருவர், சூப்பர்வைசர் ஒருவர். எதிரில் பேச்சி. நான் சொன்னேன். செய்தித்தாள், பேனா முனை, அவள் சுவரைப் பார்த்து நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணியமாக நடந்தது என்று நான் போட்ட கையெழுத்து பொய் என்றும் சொன்னேன். ஐந்து வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக எனக்கு மூச்சு நன்றாக வந்தது.

ஹெச்.ஆர். மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு தாளைப் பார்த்துக்கொண்டே, "உங்களுக்கு நைட்ல நல்லா தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. தாளைத் திருப்பிக் காட்டினார். கற்பனை செய்து எழுதும் பழக்கம் உள்ளவர். என் கையெழுத்துக்கான இடம் காலி. கணவர் சம்மதம். அடியில் இசக்கிபாண்டி, அந்த 'ண்'ணுக்கு நீங்கள் போடும் பெரிய சுழியோடு. மனநல ஆலோசனைக்குப் பரிந்துரைக்கப்பட்டவர் என்பதால் என் சாட்சியம் பதிவு செய்யப்படவில்லை. பேச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை நான் முகத்தைத் திருப்பவில்லை. திருப்பாமல் இருந்து மட்டும் என்ன ஆகிவிட்டது?

அடுத்து வினோதினி அக்கா போனார். நான் சொன்னதையே அவர் பாணியில் சொன்னார். "அந்தப் பொண்ண அவ்ளோ கேவலப்படுத்தனாங்க மேடம். நானும் சும்மா நின்னுகினு இருந்தேன், எனக்கும் செருப்பால அடிக்கணும்" என்றார். ஏஜென்சி சார்பில் உட்கார்ந்திருந்த சுபேதார் ஐயாவின் ஆள் ஃபைலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அக்காவுக்கும் படிவம் நிரப்பித்தான் வைத்திருந்தார்கள். கணவர் சம்மதம் என்ற இடம் மட்டும் காலி. அவர் வீட்டுக்காரர் ஒரு மாதமாக நடுக்கடலில் இருக்கிறார், கப்பல் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, கையெழுத்து வாங்க முடியவில்லை. ஆகவே வினோதினி அக்காவுக்குப் புத்தி சரியாக இருக்கிறது. வக்கீலம்மா அவர் சொன்னதை வரி விடாமல் எழுதிக்கொண்டார்.

அதை வைத்துத்தான் பேச்சியை நீக்கிய உத்தரவை ரத்து செய்திருக்கிறார்கள். அந்த இரண்டு காவலாளிகளையும் மாற்றிவிட்டார்கள். வேறு கம்பெனி கேட்டுக்கு. சுபேதார் ஐயாவின் ஒப்பந்தத்தைத் தொடவில்லை. போன வாரம் மையத்தின் வாசலில் புது பேனர் வைத்திருக்கிறார்கள், மனநல உதவியில் மாவட்டத்திலேயே முன்னோடியாம். ஜனவரியில் எடுத்த என் போட்டோவைத்தான் போட்டிருக்கிறார்கள். ஷேர் ஆட்டோவில் போகும்போது தினமும் என்னையே பார்த்துக்கொண்டு போகிறேன்.

என் அட்டை 31ஆம் தேதியோடு முடிந்தது. அக்காவுடையதும். இந்த வாரம் எனக்கு ராத்திரி ஷிஃப்ட். பேச்சிக்குப் பகல். ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு நம் வீட்டுக்கே வந்துவிட்டாள், ராத்திரி பொன்மதி அவளோடுதான் தூங்குகிறாள். அப்பாடா என்று ஒன்றும் எழுதுவதற்கில்லை, ஆனால் பிள்ளைக்குச் சோறு நேரத்துக்குக் கிடைக்கிறது. பேச்சி இன்னும் என்னோடு அதிகம் பேசுவதில்லை. பேசாமல்தான் பிள்ளைக்கு ஊட்டிவிடுகிறாள்.

"நான் செய்தது சரிதானே, எழுது" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு மணி நேரம் பனியில் நடந்தீர்கள், மூன்று தடவை போன் அடித்தீர்கள், எல்லாம் நம்புகிறேன். கோர்ஸ் லிஸ்ட்டில் பெயர் வரட்டும், எனக்கு வருத்தமில்லை. ஆனால் பதினோரு வருஷமாக என்னோடு குடும்பம் நடத்திய மனுஷனுக்கு, என் பெண்டாட்டி கற்பனை செய்கிறவள் இல்லை என்று ஒரு வரி எழுதத் தெரியவில்லையே. பேனா கையில்தானே இருந்தது?

மே மாதம் லீவில் வாருங்கள். ஒரகடத்துக்குப் போய் அவரிடம் சண்டை போட வேண்டாம், அவரைப் பார்க்கவே வேண்டாம். நேராக வீட்டுக்கு வாருங்கள். பேச்சி இருப்பாள். அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, "உனக்கு நடந்ததை என் பெண்டாட்டி பொய்யாகச் சொல்கிறாள் என்று கையெழுத்துப் போட்டவன் நான்தான்" என்று உங்கள் வாயால் ஒரு தடவை சொல்லுங்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு என்னிடம் வாருங்கள். அதற்குப் பிறகு நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன்.

வேல்விழி